பெண்ணாடத்துக்குக் கொண்டுபோன கரும்பு

தம்பி, மணவாளநல்லூர்க் கோயிலில் பிராது கட்டுவார்களே, உனக்கு நினைவிருக்கும். மனதில் இருக்கும் குறையை ஒரு தாளில் எழுதி, சாமி முன்னால் கட்டிவிட்டு வந்தால், அவர் விசாரித்து ஒரு வழி பண்ணுவார் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. போன வெள்ளிக்கிழமை உன் பேரில் ஒரு பிராது எழுதலாம் என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். உன் பேரை எழுதினேன், அப்பா பேரை எழுதினேன், விருத்தாசலம் என்று ஊரையும் எழுதினேன். அதற்கு மேல் கை ஓடவில்லை. பெற்ற பிள்ளையைப் பற்றிச் சாமியிடம் புகார் சொல்வது எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. அவர் கோபக்காரர் வேறு. அதனால் அவருக்கு எழுத வேண்டியதை உனக்கே எழுதுகிறேன். ஐந்தாவது வரைக்கும் படித்த கை, எழுத்து முன்னே பின்னே இருந்தால் கூட்டிப் படித்துக்கொள். போனில் சொல்லலாம்தான். போனில் நீ "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லிவிடுவாய். சரி என்று சொல்லிவிட்டவனிடம் மேற்கொண்டு என்ன பேசுவது? உனக்கும் உன் தங்கச்சிக்கும் நடுவில் இங்கே கேட்டதை அங்கே மறைத்து, அங்கே கேட்டதை இங்கே மாற்றிச் சொல்லி எனக்கு அலுத்துப் போய்விட்டது. ஒரு தடவை முழுசாகச் சொல்லி இறக்கி வைத்துவிடுகிறேன்.

நீ கம்பெனி வேலையாகக் கென்யாவுக்குப் போய்ச் சில மாதம் இருந்துவிட்டு வந்தாய். தீபாவளிக்குச் சில வாரம் முன்னால் வீட்டுக்கு வந்தபோது ஆள் இளைத்திருந்தாய், பேச்சும் குறைந்திருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாடு ஆனதும் கம்ப்யூட்டரைத் திறந்து அந்த ஊர் போட்டோக்களைக் காட்டினாய். தகரக் கொட்டகைப் பள்ளிக்கூடம், தண்ணீருக்குக் குடம் தூக்கிப் போகும் பிள்ளைகள், ஆட்டுக்கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நிற்கும் ஒரு பெண். அப்புறம் சொன்னாய்: "இனிமே தீபாவளி, பொங்கல்னு எனக்கோ பசங்களுக்கோ யாரும் எதுவும் வாங்காதீங்கம்மா. அதுக்கு ஆவுறத இந்த ஜனங்களுக்குக் குடுத்துடலாம். நானும் இனிமே எல்லாருக்கும் அப்படித்தான் செய்யப்போறேன்." உனக்கு எடுத்து வைத்த வேட்டியும் சட்டையும் பீரோவில் இருந்தன. இன்னும் அங்கேயேதான் இருக்கின்றன. நான் "சரிப்பா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். ஒரு ஆடு இருந்தால் ஒரு குடும்பம் தலைதூக்கும் என்று நீ சொன்னது எனக்குப் புரியாத விஷயமா? நம் வீட்டிலேயே ஆட்டுக்குட்டி விற்று உனக்குப் பள்ளிக்கூடப் பை வாங்கியிருக்கிறோம். அந்தப் பெண் கயிற்றைப் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது, அவள் அந்த ஆட்டை யாருக்கும் விடமாட்டாள் என்று. அவளுக்குக் கொடுத்தது நல்ல காரியம். நாளைக்கும் கொடு. நான் சொல்ல வந்தது அதைப் பற்றி இல்லை.

புடவைக்குப் பதிலாக உன்னிடமிருந்து எனக்கு ஒரு அட்டை வந்தது. ஆட்டுப்படம் போட்டு, என் பேரில் அந்த ஊரில் ஒரு குடும்பத்துக்கு ஆடு கொடுத்திருப்பதாக எழுதியிருந்தது. சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். அதே மாதிரி அட்டைதான் பெண்ணாடத்துப் பக்கம் செல்விக்கும் போயிருக்கிறது. கட்டிக்கொடுத்த நாளிலிருந்து தீபாவளி தவறாமல் பிறந்த வீட்டுப் புடவை போய்க்கொண்டிருந்த இடம் அது. பண்டிகைக்கு முந்தின நாள் தபால்காரர் உறையை நீட்டியதும், அவளுடைய மாமியார் துணிமணி வாங்கப் பணம்தான் வந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றிருக்கிறார்கள். உன் தங்கச்சி படித்துச் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மா அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்களாம். அப்புறம், "ஏம்மா செல்வி, உங்க அண்ணன் குடுத்த ஆடு எப்ப வந்து சேரும்? கொட்டாயி போடணும்ல?" என்று கேட்டார்களாம். "அது அங்கியே இருக்கும் அத்த." "அப்ப சரி. இனிமே டீக்குப் பால் வேணும்னா அங்கியே போயிக் கறந்துட்டு வந்துடு." இதை என்னிடம் போனில் சொல்லிவிட்டுச் செல்வி சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். நீ கேட்டபோது, "அட்டை வந்துச்சாம், நல்லா இருக்குதுன்னா" என்று மட்டும் சொன்னேன். அது என் வேலையாகிவிட்டது.

அடுத்தது பொங்கல். செல்விக்குப் போன் பண்ணி, இந்த வருடம் வரிசைக்கு ஆவதையும் அந்தப் பள்ளிக்கூடத்துக்கே, அவள் பேரிலேயே கொடுத்துவிடுவதாகச் சொன்னாய். அவள் "சரிண்ணே, நல்ல காரியம்தானே" என்றாள். உனக்கு அவ்வளவுதான் தெரியும். மிச்சத்தை நான் சொல்கிறேன்.

காணும் பொங்கல் அன்று பேத்தியைப் பார்க்கலாம் என்று பஸ் ஏறிப் போனேன். போகும்போதே ஒரே யோசனைதான். சம்பந்தியம்மா என்ன சொல்வார்களோ, நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உட்காருவேனோ என்று. வாசலிலேயே, "வாங்க சம்பந்தி, வாங்க. உங்க புள்ள நேர்ல வரலன்னாலும் கொறையில்லாம அனுப்பிட்டாரு. உள்ள வந்து பாருங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனார்கள். கூடத்தில் ஒரு கட்டுக் கரும்பு சாத்தியிருந்தது. மஞ்சள் கொத்து, புதுப்பானை, பச்சைப் புடவை. பக்கத்தில் ஒரு பீங்கான் ஜாடி. நம் வீட்டு வரிசையில் ஜாடி இல்லாமல் என்றைக்கும் போனதில்லை. செராமிக் கம்பெனியில் சூளை வேலை பார்த்தவரின் பெண் என்று சொல்லும்படி, உங்க அப்பா வருடம் ஒரு ஜாடியாகத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தார். அவர் போன பிறகு நீ கொடுத்தாய். செல்வி வீட்டு அலமாரியில் உப்புக்கு ஒன்று, புளிக்கு ஒன்று, நார்த்தங்காய்க்கு ஒன்று என்று வரிசையாக நிற்கும். எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம் தாங்கவில்லை. அம்மாவிடம்கூடச் சொல்லாமல் அனுப்பியிருக்கிறான் பாரேன் என்று ஜாடியைக் கையில் எடுத்துத் திருப்பினேன். அடியில் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையின் விலைச் சீட்டு ஒட்டியிருந்தது. சீட்டில் என்ன இருக்கிறது, நீயும் அந்தக் கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் நான் தலையைத் தூக்கும்போது, அடுப்படி வாசலில் நின்றுகொண்டு செல்வி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கண்ணைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. சம்பந்தியம்மா காபி சொல்லத் திரும்பிய நேரத்தில் அந்தச் சீட்டை நகத்தாலேயே சுரண்டி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன்.

கொல்லைப்பக்கம் போனேன். முருங்கை மரத்தடியில் முளைக்குச்சி மட்டும் இருந்தது. நான் அவளுக்குக் குட்டியாகப் பிடித்துக் கொடுத்த வெள்ளாடு, தாயாகி அவளோடேயே திரிந்த ஆடு, அங்கே இல்லை.

"ஆட்ட என்னடி பண்ண?"

"வேப்பூர் சந்தைக்குப் போயிடுச்சு."

"எதுக்குடி வித்த?"

"சத்தம் போடாதம்மா. அவருதான் ஓட்டிட்டுப் போனாரு. வரும்போது விருத்தாசலம் போயி, கரும்பு, ஜாடியெல்லாம் வாங்கியாந்து, பஸ்ஸுல வந்துச்சுன்னு அத்தகிட்ட குடுத்துட்டாரு. அண்ணன் பேரு கெடக் கூடாதுல்ல?"

நான் என்ன முகம் வைத்திருந்தேனோ தெரியவில்லை. என் தோளைத் தட்டி, "அதான் அண்ணன் என் பேருல அங்க ஒரு ஆடு குடுத்திருக்குதே, ஆட்டுக்கு ஆடு சரியாப் போச்சு, வுடும்மா" என்றாள். அப்புறம், "அண்ணங்கிட்ட மட்டும் சொல்லிடாத. பாவம், அது நல்லது பண்றதா நெனச்சிட்டு இருக்குது" என்றாள். சொல்லமாட்டேன் என்று அவள் தலையில் கை வைத்துச் சொன்னேன். இப்போது சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவளிடம் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

போன வாரம் போனில் என்ன சொன்னாய்? மாசியில் பாப்பாவுக்குக் காது குத்துவதற்கும் சீர் எதுவும் கொண்டுவரப் போவதில்லை, அதற்கானதைக் கொடுத்துவிடுகிறேன், லீவு கிடைப்பதும் கஷ்டம் என்றாய். நான் வாயைத் திறப்பதற்குள், "அவளுக்கு அங்க என்னம்மா கொற? கரும்பு அவுங்க வயல்லயே வெளையுது" என்றாய். அன்றைக்கு உனக்கு நான் பதில் சொல்லவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு உங்க அப்பா முன்னாலேயே பதில் சொல்லியிருக்கிறார். நீயும் பக்கத்தில்தான் நின்றாய்.

செல்வியைக் கட்டிக்கொடுத்ததற்கு அடுத்த வருடப் பொங்கல். கம்பெனியில் சூளை எரியாமல் கிடந்தது, வேலை இல்லை. நீ படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாய். புடவை எடுக்க வழியில்லை. கரும்பும் மஞ்சள் கொத்தும், செகண்ட்ஸில் ஒதுக்கிய ஒரு ஜாடியும்தான். மூடி சரியாக உட்காராது அதற்கு. கரும்புக்கட்டை நீதான் தோளில் வைத்துக்கொண்டு வந்தாய். பஸ்ஸில் ஏற்றும்போது தோகை ஒருத்தர் கண்ணில் குத்தி ஒரே ரகளை. கண்டக்டர் டிக்கெட் போடும்போது, "எங்க பெரியவரே போறீங்க?" என்றார். "பெண்ணாடம்." அவ்வளவுதான், பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "யோவ், ஊருல இருக்குற கரும்பெல்லாம் லாரி லாரியா பெண்ணாடத்து மில்லுக்குப் போவுது. அங்க போயி நீங்க கரும்பு எறக்கப் போறீங்களா?" என்று ஒரே சிரிப்பு. உனக்கு முகம் செத்துப்போயிற்று. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உங்க அப்பா சில்லறையை எண்ணாமல் அவர் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அது மில்லுக்குப் போற கரும்பு தம்பி. இது எம்பொண்ணுக்குப் போற கரும்பு." இறங்கும்போது கண்டக்டரே கட்டைக் கீழே வாங்கி வைத்தார். ஊர் முனையில் செல்வி நின்றிருந்தாள். சுற்றிலும் அவள் மாமனார் வீட்டுக் கரும்பு ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. அதற்கு நடுவில் நம் கரும்பை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, எல்லா வீட்டு வாசலும் பார்க்கிற மாதிரி நடுத்தெருவில் நடந்தாள். நீ பின்னால் வந்தாய். பார்த்தாய். கரும்பு இல்லை என்றா அவள் அப்படி நடந்தாள்?

உன்னைக் குற்றவாளியாக்க நான் இதைச் சொல்லவில்லை. கொடுக்கிற மனசு உனக்கு இருக்கிறது, அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் விடுகிறேன் என்று சொல்ல, அது முதலில் நம்முடையதாக இருக்க வேண்டும். உன் வேட்டியை நீ வேண்டாம் என்றாய், சரி. எனக்கு எடுக்கும் புடவையை ஆட்டுக்குக் கொடு, ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். செல்வியின் வரிசை உன்னுடையது இல்லையப்பா. அது உன் கைவழியாகப் போகிற அவளுடைய பொருள். அந்த வீட்டில் எத்தனை வருடம் பிள்ளை இல்லாமல் அவள் பேச்சு வாங்கினாள் என்பது உனக்கும் தெரியும். அப்போதெல்லாம் வருடத்துக்கு ஒரு முறை கரும்பைச் சாத்திவிட்டு நீ அந்தக் கூடத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவாயே, அதற்கு அப்புறம் கொஞ்ச நாளைக்கு அந்த அம்மாவின் குரல் இறங்கி இருக்கும். கேட்க ஆள் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் குரல் இறங்கும். அந்தக் கென்யாக்காரப் பெண்ணுக்கும் ஒரு அண்ணன் இருப்பான். அவன் இவள் வீட்டுக்கு வந்துபோவதை விட்டுவிட்டு வேறு யாருக்கோ ஆடு கொடுத்தேன் என்றால், அவள் என்ன சொல்வாள் என்று அடுத்த தடவை போகும்போது கேட்டுப் பார்.

எனக்கு இது ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று நீ நினைக்கலாம். உங்க மாமன், மங்கலம்பேட்டையில் மல்லாட்டை மண்டி வைத்திருந்த என் அண்ணன், ஒரு பொங்கலுக்கு எனக்கு வரிசை கொண்டுவரவில்லை. நீ அப்போது கைக்குழந்தை. வாசலை மெழுகிக் கோலம் போட்டுவிட்டு ஒவ்வொரு பஸ்ஸுக்கும் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன் அப்பாவைப் பெற்ற ஆயா, "என்ன, உங்க அண்ணன் வர்ற பஸ்ஸு பஞ்சராயிடுச்சா?" என்று கேட்ட குரல் இன்னும் என் காதில் அப்படியே இருக்கிறது. அப்புறம் பார்த்தால், மணவாளநல்லூர்க் கோயிலில் புளியமரத்தடியில் ஒரு சிமெண்டு பெஞ்சு. சாய்ந்துகொள்ளும் இடத்தில் உபயம் என்று போட்டு அண்ணன் பேர், கடைப் பேர், ஊர்ப் பேர். மண்டிக்கே போய்க் கேட்டேன். "சாமிக்குச் செஞ்சா ஒனக்குச் செஞ்சாப்புல ஆச்சு, போவியா" என்றார். "அப்ப சாமிக்கே அண்ணனா இருந்துக்க" என்று சொல்லிவிட்டு, அவர் நீட்டிய கடலைப் பொட்டலத்தைத் தராசிலேயே வைத்துவிட்டு வந்தேன். அடுத்த வருடம் ரெட்டை வரிசையாகக் கொண்டுவந்தார். வாங்கிக்கொண்டேன். ஆனால் அந்தப் பெஞ்சில் இன்றைக்கு வரைக்கும் நான் உட்கார்ந்ததில்லை. உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வெயிலில் நின்றிருக்கிறேன், உட்காரவில்லை. அவர் செத்தபோது மாரில் அடித்துக்கொண்டு அழுதேன், கருமாதி முடிந்து கோயிலுக்குப் போனபோதும் அந்தப் பெஞ்சை விட்டு விலகித்தான் நின்றேன்.

என் புத்தி அப்படி. எதையும் மறக்கத் தெரியாது, மன்னிக்கவும் வராது என்று நீயே என்னைக் கேலி பண்ணியிருக்கிறாய். இருக்கட்டும். ஆனால் தம்பி, நான் அவர் மேல் வருமத்தை விடாமல் வைத்திருந்ததால்தான் அவர் கடைசிவரை எனக்கு அண்ணனாக இருந்தார். சண்டை போட எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைத்தேன். செல்விக்குக் கோபமே வரவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. பெஞ்சைப் பார்த்து நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உன் தங்கச்சி உன் அட்டையை வைத்துச் சிரிக்கிறாள், உன்மேல் குறை வராமல் ஆட்டை விற்கிறாள், அண்ணனைத் தொந்தரவு பண்ணாதே என்கிறாள். இப்படித்தான் ஒருத்தரை மெல்ல மெல்ல விருந்தாளியாக்குவது. காதுகுத்துக்கு நீ வரமாட்டாய் என்று நான் சொல்லாமலேயே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நேற்றுப் பேசும்போது, "அவரு மாமா வூட்டுப் பையன் ஒருத்தர் இருக்காரும்மா, எனக்கும் அண்ணன் மொறதான் ஆவுது. பாப்பாவ அவரு மடியில ஒக்கார வச்சிக்கலாம்னு இருக்கேன். அண்ணன் அனுப்பிச்ச ஆளுன்னு சொல்லிக்கலாம்" என்றாள். கரும்பை விலைக்கு வாங்கியது போல இப்போது மாமன் மடியையும் வெளியில் வாங்கப் போகிறாள். அதையும் உன் பேர் கெடாமல்.

காது குத்தும்போது பிள்ளை எப்படி அழும் என்று உனக்குத் தெரியும். உனக்குக் குத்தியபோது என் அண்ணன் மடியில்தான் உட்கார்ந்திருந்தாய். ஆசாரி ஊசியை எடுத்ததும் அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் பொத்தான்களைத் தெறிக்கவிட்டாய். பெஞ்சு கட்டின மனுஷன்தான், ஆனாலும் பொத்தான் இல்லாத சட்டையோடு பந்தியில் உட்கார்ந்து, "எம்மருமவன் கிழிச்ச சட்டை" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒரு நாளைக்காக அவரை என்னால் முழுசாக வெறுக்க முடியாமல் போயிற்று. பாப்பாவும் யாருடைய சட்டையையாவது பிடிக்கத்தான் போகிறாள். யாருடையது என்று அவள் வளர்ந்த பிறகு கேட்பாள், செல்வி அதற்கும் ஒரு பொய் தயாராக வைத்திருப்பாள்.

நான் கேட்பது சீர் இல்லை. சங்கிலி வேண்டாம், பட்டு வேண்டாம், தட்டு தட்டாகத் தூக்கி வர வேண்டாம். சீருக்கு என்று நினைத்ததை அந்தப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடு, சம்பந்தியம்மாவுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், எனக்கும் வாய் இருக்கிறது. பீரோவில் இருக்கிற அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு நீ வந்து உட்கார். கிழியட்டும். வரும் வழியில் ஒரு ஜாடி மட்டும் வாங்கிக்கொள், அடியில் சீட்டு இருந்தால் கிழித்துவிட்டு வா.

மாசி இரண்டாவது ஞாயிறு, மணவாளநல்லூர்க் கோயில், காலையிலேயே. புளியமரத்தடியில் நாங்கள் எல்லோரும் இருப்போம். மற்றவர்கள் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டுதான் இருப்பேன், அது உனக்குத் தெரியும். இப்போதெல்லாம் முட்டி ரொம்ப நேரம் தாங்குவதில்லையப்பா. முதல் பஸ்ஸுக்கே வந்துவிடு.

அம்மா